கை கழுவும் தொட்டிக்கு மேலே

தூத்துக்குடி, சரக்கேற்றும் தொழிலாளர் உணவகத்தின் தலைமைச் சமையலர் திருமதி ஜெபகனி அம்மையார் அவர்கள் பணி ஓய்வு பெறும் 30.6.1978 அன்று வாசித்தளித்த மடல்

கொதித்தாறிய குடிநீரும் கழுவித் துடைத்த கரங்களுமாய் எங்களைக் காத்தவரே! உப்புக் காற்றில் மூட்டை சுமக்கும் முந்நூறு பேரின் வயிற்றுக்குக் காவல் நின்ற நாசரேத் ஊர்ப் பெருமாட்டியே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் அடுப்படியை ஆண்டீர்கள். காலைக் குழம்பை மாலையில் பரிமாற விட்டதில்லை. ஈ மொய்த்த மீனை வாசல் தாண்ட விட்டதில்லை. மீன் பெட்டிக்கு வந்த ஐஸைச் சர்பத்தில் போட விட்டதில்லை. கரண்டியைத் தொடுமுன் கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்ப்பீர்கள். சோப்பு வாசம் இல்லையென்றால் திருப்பி அனுப்புவீர்கள். கணக்கெழுத வந்த முதல் நாள், ஆள் போதாமல் பரிமாறப் போன நான், பட்டம் பெற்றவளிடமா இது என்று முறைத்தேன். "வயித்துக்கு பி.ஏ. தெரியாதுளா, கையக் காட்டு" என்றீர்கள். கோபத்தோடு போய்க் கழுவினேன்.

இனிக்க இனிக்கப் பேசி முடிக்க எங்களுக்கு மனமில்லை. நான்காண்டுக்கு முன் ஒரு காலையில், சந்தனமாரி வயிற்றுப்போக்கை மறைத்துக்கொண்டு தேங்காய் துருவினாள். வராவிட்டால் கூலி இல்லை. மூன்றாம் முறை அவள் எழுந்து வெளியே ஓடியபோது, தாங்கள் துருவலைக் குப்பையில் கொட்டினீர்கள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வருகைப் பதிவில் 'நோய் விடுப்பு, கூலி உண்டு' என்று தாங்களே எழுதினீர்கள். வயிற்றுப்போக்குக்கெல்லாம் கூலியோடு லீவா என்று அன்றைய மேலாளர் சத்தம் போட்டார். தாங்கள் குரலை உயர்த்தவில்லை.

"இவளுக்கு இன்னைக்கு லீவு இல்லன்னா, நாளைக்கு முந்நூறு பேருக்கு லீவு குடுக்கணும். எது வசதின்னு சொல்லுங்க அய்யா."

மெமோ வந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்தீர்கள். அன்று முதல் இங்கே எவளும் நோயை மறைத்ததில்லை. எங்கள் சோற்றைத் தின்று எவரும் படுத்ததுமில்லை.

அந்த விடுப்புக்கு இன்றுவரை எழுத்தில் ஆணை கிடையாது. தங்கள் பிடிவாதம்தான் ஆணை. நாளை தாங்கள் வரமாட்டீர்கள். தங்கள் கடமையுணர்வை இப்போது மேடையில் புகழ்ந்த பெரியவர்களிடம், விடுப்பு தொடருமா என்று நேற்றுக் கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்க்கட்டும். நாங்கள் முடிவு செய்துவிட்டோம்: வயிறு சரியில்லாதவள் அடுப்படிக்குள் நுழையமாட்டாள். அதற்காக அவள் கூலியைப் பிடித்தால், அன்று எங்களில் எவரும் அடுப்பு மூட்டமாட்டோம்.

அம்மையாரே! நோய் நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழுங்கள். இனியேனும் பிறர் ஆக்கிய சோற்றை உட்கார்ந்து உண்ணுங்கள். ஆக்கியவர் கையை முகர்ந்து பார்த்த பிறகு.

இம்மடலின் ஒரு படி, கண்ணாடிச் சட்டமிட்டுத் தங்கள் வீட்டுக்கு. மற்றொன்றைக் கை கழுவும் தொட்டிக்கு மேலே, மேலாளர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும்படி மாட்டுகிறோம்.

முதல் கையெழுத்து: சந்தனமாரி
அடுத்து: ஜெயசெல்வி, கணக்கர், மற்றும் உணவகப் பணியாளர் பதின்மர்