கதகதப்பான பாதம்

விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது புதிதாக இருக்கும்; கொடைக்கானலில் பிறந்தவர்கள்கூட சாக்ஸ் இல்லாமல் தூங்குவதில்லை, சார். இந்த மலையில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் போர்வையை விலக்கிப் பாதத்தைத்தான் தொடுவார்கள். சில்லிட்டிருந்தால் முகம் வாடிவிடும்.

முருகம்மாளை அவர் கணவர் ஞானவேல் கவுஞ்சி கிராமத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுவந்தார். பூண்டுக் காட்டில் களைக்கொத்து பட்ட கை சீழ்பிடித்து, கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, பாதங்கள் ஜில்லென்றிருந்தன. ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுவதுதான் எல்லா டாக்டர்களும் செய்வது. குழாய்களை விரிக்கும் ஹார்மோனே இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றும் என்பது என் கட்சி. நம் உடம்பே சுரப்பதுதான், விஷமில்லை. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க மேலிடத்தில் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். சோதனையை எலியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லியிருந்தோம். அது வருவதற்குள் அந்த ஹார்மோன் மருந்தை ஏற்றத் தொடங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பயந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பாதங்கள் சிவந்தன. ஞானவேல் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார்.

"டாக்டரய்யா, காலு கதகதன்னு இருக்குங்க. உசுரு திரும்பிருச்சு. இனி எதுக்குங்க மதுரை? வளைவுல தூக்கித் தூக்கிப் போடும். இங்கனயே கெடக்கட்டுமுங்க."

குழாய் விரிந்தால் செத்துக்கொண்டிருப்பவரின் பாதமும் சூடாகும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, தொட்டுப் பார்த்தவருக்கு மானிட்டர் எதற்கு?

"சார், பி.பி. இன்னும் எறங்குது. மருந்த நிறுத்திரலாமா?" என்றாள் நர்ஸ் ஷர்மிளா.

"கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

ஞானவேலிடம் நான் பொய் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்" என்றேன், அவ்வளவுதான். வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியவர் அவர். வத்தலக்குண்டு தாண்டி மதுரை போயிருந்தால் முருகம்மாள் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். ஆனால் என் மருந்து என்ன செய்கிறது என்று பார்க்க அவர் என் கண்முன் இருக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் இறந்தார். ஞானவேல் என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது மனசு கஷ்டப்பட்டது. இன்னும் கஷ்டப்படுகிறது.

அளவு கூடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்தவருக்குக் குறைத்திருப்பேன். ஆனாலும் அந்த அம்மாள் குளிரில் சாகவில்லை, சார். கடைசி மூச்சு வரை பாதம் கதகதப்பாகத்தான் இருந்தது. ஞானவேலையே கேளுங்கள். முருகம்மாளுக்கு முன்னால் இதே மருந்தை ஏற்றிய இரண்டு பேருடைய வீட்டாரும் அதையேதான் சொல்வார்கள்.