முன்னாடி போன கால்தடம்

— மூணு கூடாரம்! மூணுலயும் உக்காந்து தின்னீங்களே, ஏங்க? வெயில் ஏறுறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?

— அட விடு சால்தனத். ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஒரு வாய் பிட்டுப் போடாம போனா அந்த வீட்டையே அவமானப்படுத்தின மாதிரி. உனக்குத் தெரியாததா?

— ஒரு வாய்னா ஒரு வாய். நீங்க பாலாடை தடவித் தின்னு, டீயைக் குடிச்சு, அவங்க குதிரை நொண்டுதுன்னு அதோட காலையும் தூக்கிப் பாத்துட்டுல்ல வந்தீங்க. இப்பப் பாருங்க, தொடை வரைக்கும் உள்ள போறேன். விடியக்காலைல வந்திருந்தா பனி கல்லு மாதிரி இருந்திருக்கும். ஓடியே போயிருக்கலாம்.

— கையைக் குடு. ம்... ஏறு. பூட்ஸ் உள்ளயே நின்னுருச்சா?

— நின்னுருச்சு. சிரிக்காதீங்க! நாளைக்குக் காலைல என் தங்கச்சி நூர்சாத் பிள்ளைக்கு நாப்பதாம் நாள் தண்ணி ஊத்துறாங்க. நாப்பது வீட்டுல துணி கேட்டு வாங்கித் தைச்ச சட்டை என் பையில கிடக்கு. பெரியம்மா போகாம எதைப் போட்டு விடுவாங்க?

— போயிருவோம். அந்த முனையைத் திரும்பினா இறக்கம்தான்.

— எத்தனை வருசம் கழிச்சுப் பிறந்த பிள்ளைங்க அது. மாசக்கணக்கா இந்தப் பனி வழியை அடைச்சு வச்சிருந்துச்சு. வந்துருவேன்னு என் தங்கச்சிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.

— தெரியும்மா. இங்க பாரு, யாரோ நமக்கு முன்னாடி போயிருக்காங்க.

— எங்க?

— இதோ. லேசாத்தான் பதிஞ்சிருக்கு. பனி கெட்டியா இருந்தப்ப நடந்த கால். பக்கத்துல கம்பு ஊனின ஓட்டை.

— சின்னக் காலுங்க. பொம்பளையா இருக்கும். யார் வீட்டு ரொட்டிக்கும் நிக்காம வந்த புத்திசாலி. இந்நேரம் அந்தப் பக்கம் போய் டீ குடிச்சுக்கிட்டு இருப்பா.

— சரி தாயி, அவ புத்திசாலி, நான் தீனிக்காரன். அந்தத் தடத்துலயே கால் வை.

— ஏங்க.

— என்ன?

— ஏதோ சத்தம். காதுல இல்லை, வயித்துக்குள்ள கேக்குது.

— பனி சரியுது! பாறையோட ஒட்டு! ஒட்டிக்கோ! தலையை மூடு!

— ஏங்க! ஏங்க!

— சால்தனத்! இருக்கியா?

— இருக்கேன். வாயெல்லாம் பனி. கண்ணைத் திறங்க. அங்க பாருங்க.

— யா அல்லா.

— மலையோட முகமே உரிஞ்சு போச்சுங்க. அடில பாறை நீலமா தெரியுது.

— பனித்தூளைப் பாரு. கீழ விழ மனசில்லாம அப்படியே நிக்குது. வெயில் பட்டு... என்ன சொல்ல. பொறந்ததுல இருந்து இந்த மலையில கிடக்கேன், இவ்வளவு கிட்ட பாத்ததே இல்லை.

— என்னால கண்ணை எடுக்க முடியலைங்க.

— இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தோம்னா, நாம அதுக்குள்ள. ரொட்டி தின்னதுக்கு இனிமே திட்ட மாட்டியே?

— திட்டுவேன். உசிரோட இருக்கேன்ல, திட்டுவேன்.

— நல்லாத் திட்டு. நடந்துக்கிட்டே திட்டு. சரிஞ்ச பனி உடனே இறுகிரும். கம்பால குத்திப் பாரு, சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். இனி கால் புதையாது. இதுமேலயே போனா இருட்டுறதுக்குள்ள உன் தங்கச்சி வீடு.

— நில்லுங்க.

— இப்ப என்ன?

— அந்தக் கால்தடம் இந்த ஓரம் வரைக்கும் வருது. அப்புறம் இல்லை.

— அவ பனி இறுகியிருந்தப்பவே போனவ. தாண்டியிருப்பா.

— இருப்பான்னா? நீங்க பாத்தீங்களா?

— அந்தப் பக்கம் பூரா தூள் மூடிக் கிடக்கு. எதைப் பாக்கச் சொல்ற?

— மூச்சு வாங்குதுன்னு நடுவுல உக்காந்திருந்தா?

— ஓய்! யாராச்சும் இருக்கீங்களா? ஓய்!

— ஒண்ணும் கேக்கலைங்க. நீங்க அந்த ஓரத்துல கம்பை இறக்கிப் பாருங்க. நான் இங்க குத்துறேன்.

— இவ்வளவு பெரிய குவியலை ரெண்டு கம்பை வச்சா?

— குத்துங்கன்னா குத்துங்க!

— கை மரத்துப் போச்சு சால்தனத். போதும். எதுவும் தட்டுப்படலை. இப்பக் கிளம்பலைன்னா நாளைக்குத் தண்ணி ஊத்துறதுக்குப் போய்ச் சேர முடியாது. அவ தாண்டிட்டா. மனசாரச் சொல்றேன்.

— நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா கால் வர மாட்டேங்குதுங்க. ஒரு மனுசி தலைமேல நடந்து வந்தேனோன்னு அந்தப் பிள்ளையைத் தூக்குறப்பல்லாம் தோணும்.

— நூர்சாத்துக்கு என்ன சொல்லுவ?

— உண்மையைச் சொல்லுவேன். ஃபோன்ல சிக்னல் கோடு இருக்கா?

— ஒரே ஒரு கோடு. மீட்பு ஆளுங்களுக்கு அடிச்சுப் பாக்குறேன்... ம்ஹூம், பேச்சு போகலை. எழுத்து மட்டும்தான் போகும்.

— ரெண்டு பள்ளத்தாக்குக்காரங்களும் இருக்கிற ஃபோன் குழுவுல போடுங்க. நான் சொல்றேன், எழுதுங்க.

— சொல்லு.

— ‘நான் குபாத். கூட என் வீட்டுக்காரி. காஷ்கா கணவாய்ல பனி சரிஞ்சிருச்சு, மீட்பு ஆளுங்களுக்கு யாராச்சும் சொல்லுங்க. இன்னிக்குக் காலைல எங்களுக்கு முன்னாடி ஏறிப் போனவங்களே, சின்னக் கால், கையில கம்பு. நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. உங்க தடத்துல கால் வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். பத்திரமா இருந்தா ஒரு வார்த்தை பதில் போடுங்க. அவங்களைப் பாத்தவங்க இருந்தா நீங்களாச்சும் போடுங்க. பதில் வர்ற வரைக்கும் நாங்க இந்தப் பனியை மிதிக்க மாட்டோம்.’