பிசிறு

பழைய ஸ்பீக்கர் வாங்கப் போனால் முதலில் கூம்பின் நடுவில் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும், ஐயா. உரசாமல் உள்ளே போய்த் திரும்பி வந்தால் கம்பிச்சுருள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஓரத்து நுரை வளையம் உதிர்ந்திருந்தால் பாதகமில்லை. சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்கியவர்கள்தான் பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

நீங்கள் லாரி ஓட்டுநரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. பின்னால் எடுக்கும்போது லாரி கத்தியது. ஆலை முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அடிபட்டுச் செத்த மேஸ்திரிக்கு மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று சொல்லத்தான் வந்தேன். ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் உள்ளே கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நானும் என் தம்பியும் அந்தக் கல் உடைக்கும் ஆலையில்தான் வேலை பார்த்தோம். அதற்கு முன் நான் மைக் செட் கடையில் இருந்தவன். அதனால் ஆலையில் எனக்குப் பெயரே மைக் செட்டு. தம்பிக்கு விசில் என்று பெயர். உடைக்கும் எந்திரத்தின் வாய்க்குள் பாறையைத் தள்ளிக்கொண்டே விசிலில் பாட்டுப் பாடுவான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. நான் எந்திரம் துடைக்கிற பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வேன். அவனுக்கும் கொடுத்தேன்.

“பஞ்ச வச்சா நான் அடிக்கிறதே எனக்குக் கேக்கலண்ணே” என்று எடுத்துப் போட்டுவிட்டான்.

காது மூடிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. மேஸ்திரி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எல்லோர் சார்பிலும் தம்பிதான் போய்க் கேட்டான்.

“காத மூடிக்கிட்டா நான் கத்துறது எப்படிடா கேக்கும்? இப்பவே பாதிப் பேரு கேக்காத மாதிரிதான் திரியிறீங்க” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எங்கள் தலையில் மாட்டிவிடுவார். அவர்கள் வண்டி ஏறியதும் கழற்றி வாங்கிக்கொள்வார். அவர் இருந்தது கண்ணாடி அறைக்குள். வெளியே வந்தால் அவர் காதில் மூடி இருக்கும்.

சில வருடங்களில் தம்பியின் விசில் சுருதி விலகியது. அவனுக்கு அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், பின்னால் வந்த லாரி அவனுக்குக் கேட்கவில்லை.

அப்போதும் உங்களைப் போல ஒருவர் வந்து விசாரித்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று மேஸ்திரி சொன்னார்: “கூப்பிட்டேன் சார். அவன் ஏதோ நெனப்புல இருந்தான்.”

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. தம்பி போனதைக்கூட ஒருவழியாகத் தாங்கியிருப்பேன் ஐயா. அந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. காதைப் பிடுங்கிக்கொண்டு, கவனம் இல்லாதவன் என்ற பெயரையும் அவன் தலையில் கட்டிவிட்டார்.

நான் வேலையை விடவில்லை. முகம் கோணவில்லை. மேஸ்திரிக்கு அது பிடித்திருந்தது. “உன்ன மாதிரி பொறுமைசாலி கெடையாதுடா” என்று தோளில் தட்டினார்.

அவருக்குப் பாட்டென்றால் உயிர். வீட்டில் கடையில் வாங்கிய மட்டமான செட் ஒன்று வைத்திருந்தார். கொஞ்சம் கூட்டினாலே தகர டப்பா உருண்ட மாதிரிக் கரகரக்கும். “மைக் செட்டு, எனக்கு ஒரு நல்ல செட்டு பண்ணிக் குடேன். கண்ண மூடிக் கேட்டா கலங்கிரணும்” என்றார். பண்ணிடலாம் மேஸ்திரி என்றேன்.

மூடிப்போன ஒரு திரையரங்கின் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தன. அதில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் கிடந்தது. அகலக் கூம்பு, மேலே கீச்சென்ற உச்சக் குரலுக்குத் தனியாக ஒரு புனல். அழுத்திப் பார்த்தேன், உரசவில்லை. பாட்டரியைத் தொட வைத்து இரண்டு கூம்பும் ஒரே பக்கம் அசைகின்றனவா என்று பார்த்தேன். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் அடிக்குரல் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். மட்டமான செட்டில் சத்தத்தைக் கூட்டினால் பிசிறு வரும். காது கூசும். கை தானாகப் போய்க் குறைத்துவிடும். காதுக்குக் காவலே அந்தப் பிசிறுதான். அதை எடுத்துவிட்டால், எவ்வளவு கூட்டினாலும் கூட்டியது தெரியாது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றுதான் இருக்கும்.

நான் பிசிறை எடுத்தேன். பெட்டியின் மூட்டுகளைப் பிரித்துத் திரும்பப் பசையிட்டு இறுக்கினேன். உள்ளே கம்பளித் துண்டுகளை அடித்தேன். வீட்டுக்குத் தேவையானதைப் போல் பல மடங்கு பலமுள்ள ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். எதிரொலி வராமல் இருக்க எதிர்ச்சுவரில் கனமான திரை தொங்கவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு யோக்கியமாக ஒரு வேலை செய்ததில்லை.

முதல் பாட்டு முடியும்போது மேஸ்திரி அழுதுகொண்டிருந்தார். “பாடுறவன் மூச்சு விடுறதுகூடக் கேக்குதுடா.”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். “நல்லா வந்து சேந்தீங்க தம்பி. இனி இவரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு.”

“அது பாட்டு வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தானே அக்கா” என்றேன். மூவரும் சிரித்தோம்.

வேலை விட்டு வந்ததும் போட்டால், தூங்கப் போகும்வரை ஓடும். வருடம் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“ஸ்பீக்கரு மந்தமாயிருச்சுடா. கணீர்னு வந்தது இப்ப போர்வைக்குள்ள பாடுற மாதிரி இருக்கு.”

நான் போய்க் கேட்டேன். ஸ்பீக்கர் முதல் நாள் இருந்தபடியே இருந்தது. மந்தமானது எது என்று எனக்குப் புரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

“பழசுதானே மேஸ்திரி. அதுக்கும் வயசாகுதுல்ல” என்று சொல்லி உச்சக் குரலை ஏற்றிவிட்டிருந்தேன்.

“ஆங், இப்பதான் புதுசு மாதிரி இருக்கு.”

பிறகும் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரைத்தான் குறை சொன்னார். பழைய சாமான் என்பது அவருக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஏற்றிவிட்டேன். கடைசியாகப் போனபோது அக்கா, “நான் கூப்புட்டா மட்டும் இவருக்குக் கேக்காது தம்பி” என்றார்கள். அதற்கும் மூவரும் சிரித்தோம். மேஸ்திரி நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

காது கெட்டால் முதலில் போவது உச்சக் குரல்தான். லாரி பின்னால் வரும்போது கத்துவதும் அந்தக் குரலில்தான் ஐயா. அது எனக்கு முன்பே தெரியும். அன்று நான் சல்லிக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரைச்சல் உறைக்காமல் போனதிலிருந்து அவர் காதில் மூடி மாட்டுவதையும் விட்டிருந்தார். அவர் முதுகு தெரிந்தது, லாரியின் பின்புறம் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. ஓட்டுநரை விட்டுவிடுங்கள். மேஸ்திரியைக் கொன்றது நான்.

மேஸ்திரியின் குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள். செட் மாட்டப் போனபோது அது தவழ்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் அதிர்வில் சுகமாகத் தூங்கிவிடுகிறது என்று அக்கா ஸ்பீக்கருக்கு முன்னாலேயே பாய் விரித்துப் போடுவார்கள். பாயை நான் விரிக்கவில்லை. தள்ளிப் படுக்க வையுங்கள் என்று ஒரு தடவை வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் மேஸ்திரிக்கும் விளங்கிவிடும். அதனால் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குழந்தை மேல் எந்தக் கோபமும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை என்று அக்கா உங்களிடம் அழுதார்களாம். சில பிள்ளைகளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். துக்கம் கேட்கப் போனபோது நானே பார்த்தேன். வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. காதில் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூப்பிட்டேன் ஐயா. அது ஏதோ நினைப்பில் இருந்தது.