மூன்று மணிக் குரைப்பு

நாய் காரணமில்லாமல் குரைக்காது, சார். வாசல் மணி, பூனை, தனிமை, சலிப்பு என்று ஏதாவது இருக்கும். அதனால் எந்த வீட்டுக்கு நாயைப் பழக்கப் போனாலும் முதலில் ஒரு நோட்டு போடுவேன். எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து, எவ்வளவு நேரம். இப்போது உங்கள் ஸ்டேஷன் மேஜையில் நான் வைத்திருப்பது அந்த நோட்டுதான்.

நீங்கள் டீச்சரம்மாவைச் சந்தேகப்படுகிறீர்கள். புருஷன் சாகும்போது நாய் ஏன் ஊரைக் கூட்டவில்லை என்று மூன்று நாளாக அவரைக் குடைகிறீர்கள். நல்ல கேள்விதான், கேட்கிற ஆள்தான் தப்பு. நாய்ச் சத்தம் தாங்கவில்லை என்று மாடிவீட்டுக்காரர்கள் உயிரை வாங்கியதால்தான் பாவம், அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நாயை அடக்குங்க, இல்லன்னா காலி பண்ணுங்கன்னு வீட்டு ஓனர் சொல்லிட்டார் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"பத்தே நாள் குடுங்கம்மா" என்றேன். இருபது வருடத் தொழிலில் நான் சொன்ன கெடு தவறியதில்லை.

அவர் கணவருக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாது. சர்க்கரை வியாதியால் வேலையை விட்டு வீட்டோடு இருந்தவர். நான் விரலை உயர்த்துவதையும், நாய் வாயை மூடியதும் பிஸ்கட் கொடுப்பதையும் முறைத்துக்கொண்டே இருப்பார். "வாயில்லா ஜீவன்னு சும்மாவா சொல்றாங்க தம்பி, உங்கள மாதிரி ஆளுங்க வந்து அடைச்சுட்டுப் போயிடுறீங்க" என்பார்.

நோட்டைப் பாருங்கள். வாசல் மணிக்கும் பூனைக்கும் ஐந்தாம் நாளே அடங்கிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக் குரைப்பு மட்டும் மசியவில்லை. அதற்கு நேரே 'எதைப் பார்த்து' என்ற இடம் காலியாக இருக்கும். தெரியாமல் விட்டதில்லை. ஆறாம் நாளே தெரிந்துவிட்டது. நாற்காலியில் அவர் கண் சொருகும், நெற்றி வியர்க்கும், கை நடுங்கும். சர்க்கரை இறங்குகிறது. நாய் அவர் முகத்துக்கு நேரே நின்று குரைக்கும். திடுக்கிட்டு விழித்து, குளுக்கோஸ் டப்பாவை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நாயால்தான் பிழைக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குரைப்பை நிறுத்த முடியாது. பத்து நாள் என்று மார்தட்டியவன் தோற்றுப்போனான் என்று மாடிவீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பத்தாம் நாள். டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் இருந்தார். மூன்று மணிக்கு அவர் கணவருக்கு வியர்த்தது. நாய் எழுந்தது. அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் விரலை உயர்த்தினேன். லேசாக முனகிவிட்டு அவர் காலடியில் படுத்துக்கொண்டது. அவர் மெல்லச் சரிந்தார். டப்பா என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான் பிஸ்கட்டை எடுத்தேன். சொன்னபடி கேட்ட நாய்க்கு அந்த நொடியே கொடுத்துவிட வேண்டும், சார். தாமதித்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. பிறகு, 'மூன்று மணி, குரைப்பு இல்லை' என்று எழுதிவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

டீச்சரம்மாவை அனுப்பிவிடுங்கள். இனி வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.