தப்பு கண்டுபிடிக்கிறவ

— கெர்ட்ரூட், போன வெச்சிடாத. ரொனால்ட் பேசறேன். வேலை விஷயம்தான்.

— உங்க கம்பெனிய விட்டு நான் வந்து எட்டு மாசம் ஆச்சு ரொனால்ட். இப்ப குளுவாங்ல பல் கிளினிக் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். எனக்கென்ன வேலை விஷயம்?

— டயாலிசிஸ் சென்டர் ஒண்ணுக்கு ஆப் செய்யறோம் லா. நோயாளிங்களுக்கு நேரம் ஒதுக்கறது. ஒரே மெஷினுக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேரப் போடுது. நாளைக்குக் குடுத்தாகணும்.

— அலமாக்! யாரு டெஸ்ட் பண்ணா?

— ஏஜெண்ட். இப்ப ஜொகூர் பாரு ஆபீஸ்ல நம்ம டீம்னு நான் ஒருத்தன்தான். நாலு ஏஐ ஏஜெண்டுக்கு வேலையப் பிரிச்சுக் குடுக்கறேன். ஒண்ணு திட்டம் போடும், ஒண்ணு கோட் எழுதும், ஒண்ணு டெஸ்ட் பண்ணும், ஒண்ணு எல்லாத்தையும் சேத்துக் குடுக்கும்.

— அப்ப அந்த மூணாவதுதான் என் எடத்துல உக்காந்திருக்கு. சரி, அப்புறம்?

— எல்லாம் பாஸ்னு சொல்லிடுச்சு.

— எத வெச்சு சொல்லுச்சு?

— கோட் எழுதின ஏஜெண்ட் குடுத்த குறிப்ப வெச்சு.

— நல்லா இருக்கே! பரீட்ச எழுதினவனே விடையும் எழுதிக் குடுத்தா எவன் ஃபெயிலாவான்? டெஸ்ட் பண்றதுக்கிட்ட அந்தக் குறிப்பக் காட்டாத. சென்டர்ல நர்ஸுங்க என்ன கேட்டாங்களோ, அத மட்டும் குடு. எங்கெங்க சொதப்பும்னு அதுவே யோசிக்கட்டும்.

— நீ இப்படித்தான் பிடிப்ப. நான் எழுதின ஒரே கோட்ட பதினோரு தடவ திருப்பி அனுப்பினவளாச்சே.

— பன்னெண்டு. ஏன், அது திருப்பி அனுப்பாதா?

— அனுப்பும். ரொம்ப மரியாதையா. திட்டாது, முறைக்காது. போன வாரம் கிளீனர் அக்கா ஆள் இல்லன்னு நெனச்சு லைட்ட அணச்சிட்டாங்க. நானும் எழுந்து போடல, அப்படியே உக்காந்திருந்தேன்.

— ரொனால்ட், ஒண்ணு கேக்கறேன். என்னைய வேலைய விட்டு நிறுத்தறோம்னு அன்னிக்கு மீட்டிங்ல சொன்னாங்களே, நீ ஏன் வாயே தொறக்கல?

— பேசினா என்னையும் அனுப்பிடுவாங்கன்னு பயம்.

— உன்னையே பாத்துட்டிருந்தேன். ஒரு வார்த்த சொல்லுவன்னு. வேலைக்காக இல்ல.

— தெரியும். நான் மேசையத்தான் பாத்துட்டிருந்தேன். நிமிந்திருக்கணும், கெர்ட்ரூட். தெனமும் அதான் மனசுல ஓடுது.

— சரி, விடு. நோயாளிங்க விஷயம் அது. மொதல்ல போய் அதப் பாரு. வெக்கறேன்.

— வெக்காத.

— நாளைக்குக் குடுக்கணும்ங்கற, இன்னும் பேசிட்டே இருக்க?

— அந்தக் கோளாறு நேத்தே சரியாயிடுச்சு, கெர்ட்ரூட்.