ரெண்டாயிரத்துக்கு மேல போகாது

இல்ல மேடம், பணம் வந்துருச்சு. முழுசா ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பது ரூபா, நேத்து காலையில அக்கவுண்ட்ல ஏறிருச்சு. மெசேஜும் வந்துச்சு. வரலைன்னாத்தான் எல்லாரும் இங்க வருவாங்க, தெரியும். நான் வந்துருச்சேன்னு வந்துருக்கேன். அத எப்படித் திருப்பிக் குடுக்குறதுன்னு கேக்கத்தான்.

ஆமா, வீரபாண்டியன் நான்தான். கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துக்குள்ள மளிகைக் கடை. அப்பளம், காபித்தூள், இட்லி மாவு, முறுக்கு. மேசை மேல ஹர்ஷினின்னு பேரப் பாத்ததுமே நெனச்சேன், நம்ம பக்கத்துப் பிள்ளையா இருக்கும்னு. கோயமுத்தூரா? சரி சரி, நான் மதுரை. அங்க கவுண்டர்ல மூணு பேர்கிட்ட இந்தில சொல்லிப் பாத்தேன் மேடம். மூணு பேரும் பணம் வரலையா, பணம் வரலையான்னே கேட்டாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்.

மொதல்லருந்து சொல்லிர்றேன், அப்பத்தான் வெளங்கும். போன வருசம் இதே பிராஞ்சுலதான் போன்ல கார்ட ஏத்திக் குடுத்தாங்க. போனக் கொண்டு போயி மெஷின் பக்கத்துல காட்டுனாப் போதும், காசு போயிரும், நம்பர் கூட அடிக்க வேணாம்னாங்க. எனக்கு அதுல ஒரு சந்தேகம். நான் மெஷின் பக்கத்துல போனாப் போற காசு, மெஷின் எம் பக்கத்துல வந்தாலும் போகும்ல? பஸ்ல அந்தக் கூட்டத்துல எவன் பையில என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். ஏத்திக் குடுத்த தம்பி, போன் லாக் தொறந்தாத்தான் போகும் அங்கிள், ரொம்பப் பயமா இருந்தா லிமிட் வச்சுக்கங்க, ஒரு தடவைக்கு ஐயாயிரம் வரைக்கும் வச்சுக்கலாம்னுச்சு. நான் ரெண்டாயிரம் போடுப்பான்னேன். ரெண்டாயிரத்துக்கு மேல எனக்கு அப்படி என்ன செலவு? அப்பயும் மனசு கேக்கல. வெளிய போனா போன அலுமினியப் பேப்பர்ல சுத்தித்தான் கொண்டு போவேன். கடையில விக்கிறதுதான, ஒரு ரோல எனக்குன்னு எடுத்து வச்சுக்கிட்டேன். சிரிங்க மேடம், பரவால்ல. எல்லாரும் சிரிக்கிறதுதான்.

போன மாசம் ஒரு புதங்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், அப்பத்தான் கடையத் தொறந்து ஊதுபத்தி வச்சேன். பேங்க்லருந்து போன். இன்னைக்கு மத்தியானம் மூணே காலுக்கு ஒரு ஓட்டல்ல உங்க போன வச்சு ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பது எடுக்கப் பாத்துருக்காங்க, லிமிட் தாண்டுனதால போகல, அடுத்த நிமிசமே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு போயிருக்கு, அதுக்குப் பின்னாடியே அறுநூத்து அம்பது, இது நீங்கதானான்னாங்க. இப்படித் துண்டு துண்டாப் போனா அவங்க கம்ப்யூட்டரு சந்தேகப்படுமாம்.

மூணே காலுக்கு நான் தூங்கிக்கிட்டு இருந்தேன் மேடம். இந்த ஊர்ல மத்தியானம் கடையச் சாத்திட்டுத் தூங்குறாங்க பாருங்க, அது ஒண்ணத்தான் நான் வந்த ஒடனே கத்துக்கிட்டேன். ரெண்டு மணிக்குச் சாப்டு, பேப்பர உரிச்சுட்டு, போனச் சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்தேன். நாலரைக்கு எந்திரிச்சப்பவும் சார்ஜ்லதான் கெடந்துச்சு. மெசேஜ் வந்துருக்குமேன்னாங்க. பாத்தேன், இல்ல. திருட்டுப்பய அதையும் அழிச்சுட்டான் போலன்னு நெனச்சேன். போன் வீட்ல இருக்கு, காசு ஓட்டல்ல போயிருக்கு. நான் சொன்னது நடந்துருச்சு பாத்தீங்களான்னு எனக்கு ஒரு சந்தோசங் கூட. உண்மையச் சொல்லணும்ல. கடைக்கு வந்த அத்தன பேர்கிட்டயும் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி மூணு ரோல் அலுமினியப் பேப்பர் வித்துச்சு.

அப்புறம் அலிப்பூர்ல இருக்குற உங்க பெரிய ஆபீசுக்குப் போயி புகார் எழுதிக் குடுத்தேன். பத்து நாள் கழிச்சு அந்த ஓட்டல்காரங்க, ஆளு நேர்ல வந்து சாப்டுத்தான் குடுத்தாங்கன்னு சொல்லி, கல்லாவுக்கு மேல இருக்குற கேமராலருந்து ஒரு போட்டோ அனுப்பிட்டாங்க. அத பேங்க் எனக்கு அனுப்புச்சு. கூடவே ஒரு ஃபாரம், இந்த நபரை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதான்னு. நான் ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து, இவரை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அந்த ஒரு வரிலதான் பணம் திரும்ப வந்துச்சு.

ஆமா, அந்த ஃபாரந்தான். அதுக்கு மேல பாருங்க, போட்டோ இருக்கும். ம். உங்க கம்ப்யூட்டர்ல நல்லாப் பெருசாத் தெரியுது.

அது என் வீட்டுக்காரி மேடம். கலா.

இல்ல, வெளையாட்டுக்குச் சொல்லல. கல்யாணம் ஆகி இருபத்தி ரெண்டு வருசம் ஆச்சு.

எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, போன வாரம் மாடி வீட்டு ரூமா பௌதி காபித்தூள் வாங்க வந்துச்சு. பௌதின்னா இங்க அண்ணிங்குற மாதிரி, தாதான்னா அண்ணன். தாதா, அன்னைக்கு விருந்து ரொம்ப நல்லாருந்துச்சு, தேங்க்யூன்னுச்சு. எந்த விருந்துன்னு கேட்டேன். இவங்க அஞ்சு பொம்பளைங்க, மாசத்துக்கு ஒரு தடவ மத்தியானத்துல போயி சாப்புடுறாங்களாம். மாசம் ஒருத்தர் செலவு. ஒரு வருசமா நடக்குதாம். கலா எல்லார் செலவுலயும் சாப்டுட்டா, அவ முறை மட்டும் தள்ளித் தள்ளிப் போயிருக்கு. அன்னைக்குத்தான் குடுத்துருக்கா. கலா இருந்தா எங்களுக்குச் சாப்பாடே எறங்காது தாதா, அப்படிச் சிரிக்க வைப்பான்னுச்சு. நான் வேற யாரையோ சொல்லுதுன்னு நெனச்சேன். பாங்க்ளாவுல, அதான் இந்த ஊரு வங்காளிப் பேச்சுல, எல்லாரயும் அப்படியே பேசிக் காட்டுவாளாம். என்னயக் கூடப் பேசிக் காட்டுவாளாம். எனக்கு இன்னைக்கு வரைக்கும் பாங்க்ளாவுல வெல சொல்ல மட்டுந்தான் வரும்.

கேட்டாக் குடுத்துருப்பேன்னுதான் நெனைக்கிறேன். எதுக்குன்னு கேட்டுருப்பேன். ஓட்டல்ல என்ன எண்ணெயோன்னு சொல்லிருப்பேன். அதுக்கு ரெண்டாயிரத்து அறுநூறான்னு கேட்டுட்டு, அப்புறம் குடுத்துருப்பேன். கடையில விக்கிற முறுக்கு பூரா அவ சுடுறதுதான் மேடம், தெனம் நாலு கிலோ. அந்தக் காசும் அக்கவுண்ட்டுக்குத்தான் வருது. எம் பேர்ல இருக்கு, அவ்வளவுதான்.

போன் லாக் ஒண்ணும் கஷ்டமில்ல. ட மாதிரி ஒரு கோடு போட்டாத் தொறந்துரும். ஆர்டர் மெசேஜெல்லாம் அவதான எனக்குப் படிச்சுச் சொல்றா.

பௌதி போனதும் போன எடுத்து அந்தப் போட்டோவப் பாத்தேன். அப்பயும் மூஞ்சியில எனக்குப் பிடிபடல. கையப் பாத்துத்தான் கண்டுபுடிச்சேன். இந்தா, மெஷின்ல போனக் காட்டுற கை, மணிக்கட்டுல தழும்பு தெரியுதா? முறுக்குச் சட்டி எண்ணெய் தெறிச்சது. நீங்க எப்படித் தெரியாமப் போகும்னு கேக்குறீங்க. வாய் தொறந்து சிரிச்சுக்கிட்டு இருக்கா மேடம். கழுத்து பின்னால சாய்ஞ்சு கெடக்கு. வீட்ல சிரிச்சா முந்தானைய வாய்ல வச்சுக்குவா, அதுவும் டிவி பாத்து. இந்தக் கடவாப்பல்லு இருக்கு பாருங்க, அத நான் பாத்ததில்ல. அதுல வெள்ளி அடைச்சுருக்கு. எப்ப அடைச்சான்னு எனக்குத் தெரியாது.

அதான் நான் என்ன கேக்குறேன்னா, ஒண்ணு, அந்தப் பணத்த ஓட்டலுக்கே திருப்பி அனுப்பிருங்க. ரெண்டு, அந்த லிமிட்ட ஐயாயிரமா ஆக்கிருங்க. மூணு, அவ போன்லயும் ஒரு கார்ட ஏத்திக் குடுங்க. அதுக்கு லிமிட்டு அவளே சொல்லட்டும். அப்புறம் அந்த ஃபாரத்தக் கிழிச்சுப் போட முடியுமா? முடியாதா. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா ஏத்துனதுதானா. சரி. எத்தன வருசம் இருக்கும் அது? பத்து வருசமா.

கூட்டிட்டு வரலாம் மேடம். அவ கையெழுத்து வேணும்னா வேணுந்தான. கூப்பிட்டா வருவா, எதுக்குன்னு கூடக் கேக்க மாட்டா. பௌதி வந்துட்டுப் போயி ஒரு வாரம் ஆச்சு, நான் இன்னும் ஒண்ணும் பேசல. அவளும் பேசல. மாவு அரைக்கிறா, முறுக்குச் சுடுறா, சாப்பாடு போடுறா, எல்லாம் எப்பயும் போலத்தான் இருக்கு. எனக்குத்தான் வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு.

இல்ல மேடம், பக்குவமாச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்குத் தெரியும். நான் புகார் குடுத்தது, போட்டோ வந்தது, எல்லாந் தெரியும். போட்டோ வந்த அன்னைக்கு மத்தியானம் சாப்புட ஒக்காந்துருந்தேன், சோறு போட்டுக்கிட்டு இருந்தா. போன அவ மொகத்துக்கு நேரா நீட்டி, பாரு, அடுத்தவன் காசுல தின்னுட்டு என்னமாச் சிரிக்கிறா பாருன்னேன். கரண்டியக் கீழ வச்சுட்டு, சேலையில கையத் தொடைச்சுக்கிட்டு, போன வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், இது யாருன்னு தெரியலையா உங்களுக்குன்னு கேட்டா. தெரியலையேன்னேன். நல்லாப் பாருங்கன்னா. கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டுப் பாத்தேன் மேடம். இல்ல, இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லன்னேன். அப்ப அப்படியே எழுதிக் குடுத்துருங்கன்னா. எந்திரிச்சுப் போயி, பேனாவையும் அவதான் எடுத்துட்டு வந்து குடுத்தா.