உபயத் தகடு

– இழுத்தது காணும், தலைவர் மாமா. கயிறு கையோட வரப்போகுது.

– பதினைஞ்சு தரம் இழுத்திட்டன், கோகிலா. புது ஜெனரேற்றர். நேற்றுத்தான் ஐயர் பூசை செய்து, சந்தனம் பூசி, மாலையும் போட்டவர்.

– பெற்றோல் ஊத்தினீங்களோ?

– பகிடி விடாதை பிள்ளை. டெனிஷ் நகரசபை, கொமூன், பன்னிரண்டு மணி வரைக்கும்தான் ரோட்டை மறிச்சுத் தந்தது. சாமி தேரில ஏறிட்டார். ஹோர்சன்ஸ் ஊர்ச் சனமும் வந்திட்டுது. மைக் இல்லாமல் என்ன செய்யிறது?

– மேளம் மைக் இல்லாமலும் கேக்கும். உங்கட நாலு பக்கப் பேச்சுத்தான் கேளாது.

– ஆறு பக்கம்.

– சாமிக்கு நல்ல காலம். விலகுங்கோ, பிளக்கைக் கழட்டிப் பாப்பம்... ம், பொறி அடிக்குது. ஆனா பெற்றோலில தோஞ்சு கிடக்கு.

– அப்பிடியெண்டால்?

– பெற்றோல் போகுது, காத்துப் போகேல்லை. ஃபக்ரறியில இருபது வருசமா உதோடதான் மல்லுக்கட்டுறன். இந்தா, காத்து இழுக்கிற வாய்... என்ன இது, பித்தளைத் தகடு?

– உபயத் தகடு.

– அதை இதுக்கு மேலயே ஒட்டுறது?

– அந்தப் பக்கம்தான் சனத்துக்குத் தெரியும்.

– ரியூப் லைற்றில உபயம், வாளியில உபயம், கக்கூஸ் கதவிலயும் உபயம். தகட்டைக் கிளப்பி எடுக்கப்போறன்.

– தொடாதை!

– பரமானந்தம் எண்ட உங்கட பேரை ஒரு மணித்தியாலம் சனம் பாக்காட்டி என்ன குறைஞ்சு போகும்?

– சந்தனத்தைத் துடைச்சிட்டு வாசி.

– "உபயம்: அமரர் சண்முகலிங்கம்"... மாமா, இது எங்கட அப்பா!

– ஓம். கோயிலுக்கு ஜெனரேற்றர் வாங்கித் தாறன் எண்டு அவர் கூட்டத்தில எழும்பிச் சொல்லேக்க, "வாயாலதான் வாங்குவார்" எண்டு சிரிச்சவன் நான். அதுக்குப் பிறகு மனிசன் இந்தப் படி மிதிக்கேல்லை. மாசியில கண்ணை மூடிட்டார்.

– வீட்டில கதிரையைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு இருந்தவர். ஏனெண்டு எங்களுக்குச் சொல்லேல்லை.

– என்னாலதான், பிள்ளை. அதுதான் அவற்ற பேரில நான் வாங்கினது.

– கத்தியைத் தாங்கோ. அப்பா உயிரோட இருக்கேக்கயும் ஒருத்தரையும் மூச்சுவிட விட்டவரில்லை. மற்றப் பக்கம் ஒட்டுவம், அங்கயும் தெரியும். பிளக்கையும் துடைச்சுப் பூட்டிட்டன். இப்ப இழுங்கோ.

– பிடிச்சிட்டுது! பிடிச்சிட்டுது, பிள்ளை!

– சரி, ஓடிப்போய்த் தேரை இழுக்கச் சொல்லுங்கோ. உங்கட பேச்சைப் பிறகு பாப்பம்.

– இல்லை, முதல் பேச்சு. சிரிச்சது எல்லாருக்கும் முன்னால. ஆறு பக்கமும் அதுக்குத்தான்.